128ஆ 320ஆ: கோத்தகிரியில் காதை மட்டும் வைத்து நடத்திய சோதனை

பாட்டை எம்பி3 ஆக்கினால் தரம் போய்விடும் என்று ஒரு கட்சி, போனால் என்ன, காதுக்கா தெரியப்போகிறது என்று இன்னொரு கட்சி. இந்த வாக்குவாதம் எங்கள் பஜனைக் குழுவுக்குள் வந்து சேர்ந்தபோது பேசித் தீரவில்லை, தீர்க்காமல் விடவும் முடியவில்லை. மார்கழி பஜனையில் 1980களிலிருந்து பதிவு செய்த கேசட்டுகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. கோத்தகிரி ஈரத்தில் பலவற்றில் வெள்ளைப் பூஞ்சை ஏற ஆரம்பித்துவிட்டது, அதில் பாடியவர்களில் நிறையப் பேர் இப்போது இல்லை. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, எந்த வடிவத்தில் என்பதில்தான் தகராறு. 128, 320 என்பவை எம்பி3 கோப்பில் ஒரு வினாடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் ஒதுக்குகிறோம் என்ற அளவு.

குழுவை நடத்தும் மாமா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "காதுல விழாததை எதுக்குப்பா காசு குடுத்துச் சேத்து வைக்கணும்? 128 போதும், எல்லார் பென் டிரைவ்லயும் ஏறும்" என்றார். ஜீப் ஓட்டும் நண்பர், வண்டிக்குள் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர், அவர் நேர் எதிர். "அண்ணே, 128 எல்லாம் கேட்டா எனக்குத் தலை வலிக்கும்ணே. குறைஞ்சது 320."

கணக்கு இதுதான். சிடி தரம் என்றால் வினாடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஓசையை அத்தனை தடவை அளந்து எடுத்த எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் வினாடிக்கு 1,411 கிலோபிட். 60 நிமிடக் கேசட் ஒன்று இந்தத் தரத்தில் 635 எம்பி பிடிக்கும். 128ல் எம்பி3 ஆக்கினால் 58 எம்பி, 320ல் 144 எம்பி. அதாவது 128ல் பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது, மீதிப் பத்துப் பங்கை என்கோடர், அதாவது சுருக்கும் மென்பொருள், தூக்கிப் போட்டுவிடுகிறது. எதைப் போடுவது என்று அது தீர்மானிப்பது நம் காதின் குணத்தை வைத்து. டவுன் பஸ் மேடேறும்போது பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரல் கேட்காது இல்லையா, அப்படி ஒரு பலத்த ஓசை பக்கத்து அலைவரிசையில் இருக்கும் மெல்லிய ஓசையை மறைத்துவிடும். மறைந்து கிடக்கும் இடத்தில் துல்லியத்தைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் எம்பி3யின் அடிப்படை. இது 1990களின் தொடக்கத்திலேயே தரமாக்கப்பட்ட விஷயம், இன்று நேற்று வந்ததல்ல.

தெரிகிறதா தெரியவில்லையா என்று பார்க்க ஏபிஎக்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது. 1950லேயே பெல் ஆய்வகத்துக்காரர்கள் இதன் ஆரம்ப வடிவத்தைச் செய்திருந்தார்கள், 1982ல் டேவிட் கிளார்க் என்பவர் ஒலிப் பொறியியல் சங்கத்தின் ஆய்விதழில் இதற்கான கருவியை விவரித்து எழுதினார். ஏ என்பது அசல், பி என்பது சுருக்கியது. எக்ஸ் இந்த இரண்டில் ஒன்று. எது என்று கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு வைத்திருக்கும், கேட்பவருக்கும் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தெரியாது. மூன்றையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி மாற்றிக் கேட்கலாம், கடைசியில் எக்ஸ் ஏயா பியா என்று சொல்லியாக வேண்டும். இப்படி 16 முறை. வாய்க்கு வந்ததைச் சொன்னாலே சராசரியாக 8 சரியாக வரும். 12 அல்லது அதற்கு மேல் சரி என்றால் அது குருட்டாம்போக்கில் வந்திருக்கும் வாய்ப்பு 100க்கு 4 தான், 14 என்றால் 1000க்கு 2. அதனால் 12ஐக் கோடாக வைத்தேன். எது நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை, அதைக் கேட்டால் பேச்சு ரசனைக்குப் போய்விடும்.

இலவசமாகக் கிடைக்கும் ஃபூபார்2000 மென்பொருளில் இதற்கென ஒரு துணைப்பகுதி இருக்கிறது. பழைய லேப்டாப் ஒன்று, காதை முழுக்க மூடும் வயர் ஹெட்போன் ஒன்று, அவ்வளவுதான் சாமான். ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத்தில் ஓடும் எஸ்பிசி என்பதே இன்னொரு சுருக்கம், உயர்ந்தபட்சம் 328 கிலோபிட் அளவில் ஓடுவது, அதை நடுவில் வைத்துக்கொண்டு எம்பி3யைச் சோதிப்பதில் அர்த்தமில்லை. சோதனை நேரத்தில் சார்ஜரையும் கழற்றிவிட்டேன், எர்த்திங் சரியில்லாத வீட்டில் அது ஹெட்போனில் ஒரு "ம்ம்ம்" கொடுக்கும். இடத்தைப் பொறுத்தவரை நம் ஊர் கொடுத்து வைத்த ஊர். எங்கள் வீட்டில் சீலிங் ஃபேனே கிடையாது, அதனால் சமவெளியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் காற்றுச் சத்தம் இல்லை. கீழே டீ ஃபேக்டரியில் இலை வாட்டும் விசிறிகள் ஓடாத நேரமாகவும், தகரக் கூரையில் மழை விழாத நேரமாகவும் பார்த்து வைத்துக்கொண்டால் போதும்.

கோப்புகளைத் தயார் செய்வதில்தான் கவனம் வேண்டும். லேம் என்ற என்கோடரில் எம்பி3 ஆக்கி, அதைத் திரும்பச் சுருக்கமில்லாத வேவ் கோப்பாக விரித்து, அந்த வேவையே அசலோடு ஒப்பிட வேண்டும். எம்பி3 ஆக்கும்போது முன்னால் கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துவிடும்: லேம் சேர்ப்பது 576 சாம்பிள், விரிக்கும்போது சேர்வது 529, கூட்டினால் 25 மில்லிவினாடி. அதை வெட்டாமல் விட்டால் ஏயிலிருந்து பிக்கு மாறும்போது பாட்டு ஒரு எட்டு பின்வாங்கும், தரத்தைக் கேட்காமலே அதைப் பிடித்துக்கொண்டு 16க்கு 16 வாங்கிவிடலாம். ஒலியளவும் அப்படித்தான். அரை டெசிபல் கூடுதலாக இருந்தால் யாரும் "சத்தமா இருக்கு" என்று சொல்வதில்லை, "தெளிவா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். ஒலி திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் இரண்டு கோப்பையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டு, அலை முகடுகள் நேருக்கு நேர் நிற்கும் வரை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் யாரையும் உட்கார வைத்தேன்.

எதைக் கேட்க வைப்பது? சினிமாப் பாட்டு மட்டும் போதாது. சிடியிலிருந்து எடுத்த சினிமாப் பாட்டு ஒன்று, பஜனைக் கேசட் ஒரு துண்டு, துணைக்கருவி இல்லாமல் ஒரு பாட்டி பாடிய தாலாட்டு ஒன்று, அப்புறம் அக்கா மகள் கட்டி ஆடும் சலங்கையை நானே கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்தது. தாலாட்டைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. எம்பி3யை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா தனிக்குரலில் பாடிய ஒரு பாட்டைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு என்கோடரைத் திருத்தினார்; ஒற்றைக் குரலுக்குப் பின்னால் மறைந்துகொள்ள இடமே இல்லை.

கேசட் துண்டை எடுக்கும்போது செய்த ஒரு வேலையை விரிவாகச் சொல்ல வேண்டும். கேசட் டெக்கில் டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதில் ஸ்ப்ரிங் போட்ட பக்கத்து ஸ்க்ரூ ஹெட்டின் சாய்வை மாற்றுவது, அசிமுத் என்பார்கள். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காந்தம் ஏறாத ஸ்க்ரூடிரைவரால் அதை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். ஜால்ரா வரும் இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது. திருப்பத் திருப்ப, போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல் மொத்தையாக வந்த "டப் டப்" ஓரிடத்தில் "சிங்" என்று திறந்துகொள்ளும், இன்னும் கொஞ்சம் போனால் மறுபடி அடைத்துக்கொள்ளும். திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டு சேனலையும் மோனோவாகச் சேர்த்து வைத்துக்கொண்டு திருப்பினால் இது இன்னும் துல்லியமாகத் தெரியும், ஏனென்றால் ஹெட் சாய்ந்திருந்தால் இரண்டு டிராக்கும் ஒன்றுக்கொன்று முன்பின்னாக வந்து உச்ச ஓசைகள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்ளும். ஒவ்வொரு கேசட்டும் ஒவ்வொரு டெக்கில் பதிவானது, அதனால் ஒவ்வொன்றுக்கும் இதைத் திரும்பச் செய்தாக வேண்டும். இந்த ஒரு ஸ்க்ரூ தரும் வித்தியாசத்துக்கு ஏபிஎக்ஸ் எதுவும் தேவையில்லை, சமையலறையில் இருப்பவருக்கும் தெரியும். 128ஆ 320ஆ என்று சண்டை போடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் பழைய கேசட்டுகள் பிழைக்கும்.

சோதனைக்கு வருகிறேன். முதலில் 64 கிலோபிட்டில் ஒரு சுற்று கேட்க வைத்தேன், எதைக் கவனிக்க வேண்டும் என்று காது பழகுவதற்காக. அதில் எல்லோரும் எளிதாகத் தேறினார்கள். அடுத்து 128. சினிமாப் பாட்டில் ஒருவர்கூட 12ஐத் தொடவில்லை. தலை வலிக்கும் என்று சொன்ன நண்பரும் தொடவில்லை. எத்தனை சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறதோ அத்தனைக்கு எம்பி3க்கு மறைவிடம் கிடைக்கிறது, வயலின் கூட்டமும் டிரம்ஸும் கோரஸும் சேர்ந்து வரும் பாட்டில் 128 ஒளிந்துகொள்ள இடம் தாராளம்.

சலங்கையில் நிலைமை மாறியது. அக்கா மகள் ஹெட்போனை மாட்டினாள், இரண்டு நிமிடம் ஒன்றும் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்டாள், அப்புறம் வரிசையாக அடித்துக்கொண்டே போனாள். கிட்டத்தட்ட எல்லாமே சரி. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றால், "மாமா, இதுல மணி விழறதுக்கு முன்னாடியே ஒரு 'ஷ்' வருது, காலை இன்னும் வைக்கவே இல்லை" என்றாள். அவள் சொன்னது எம்பி3யின் மிகப் பழைய நோய், முன்னெதிரொலி. எம்பி3 ஓசையை 576 சாம்பிள், அதாவது சுமார் 13 மில்லிவினாடி, அளவிலான அடிகளாக எடுத்து அலைவரிசைகளாகப் பிரித்துத்தான் துல்லியத்தைக் குறைக்கிறது. அப்படிக் குறைக்கும்போது வரும் பிழை அந்தத் துண்டு முழுக்கப் பரவும். துண்டின் நடுவில் "சல்" என்று ஓர் அடி விழுந்தால், அதற்கு முன்னாலிருக்கும் நிசப்தத்திலும் கொஞ்சம் பிழை தெளிக்கும். அடிக்குப் பின்னால் வருவதைக் காது நூறு மில்லிவினாடிக்கும் மேலாக மன்னித்துவிடும், அடிக்கு முன்னால் வருவதைச் சில மில்லிவினாடிகளுக்குத்தான் மன்னிக்கும். இதைச் சமாளிக்க என்கோடர் 192 சாம்பிள் அளவுக்குக் குறுகிய துண்டுகளுக்கு மாறும், ஆனால் அதற்குப் பிட் அதிகம் செலவாகும். சலங்கையில் நூறு மணி நூறு நேரத்தில் விழுகிறது, 128ல் அத்தனைக்கும் பிட் கிடையாது. மேல்நாட்டுச் சோதனைகளில் காஸ்டனெட் என்ற மரத்தாளத்தை இதற்காகத்தான் பயன்படுத்துவார்கள். நமக்குச் சலங்கை, மோர்சிங், கடம்.

எனக்குப் பெரிய செய்தியாகப் பட்டது ஜால்ரா போடும் பெரியவருடைய முடிவு. எல்லோரையும் முதலிலேயே 8, 10, 12, 14, 16 கிலோஹெர்ட்ஸ் ஓசைகளை மெல்லக் கொடுத்துக் கேட்கிறதா என்று பார்த்திருந்தேன். வயது ஏற ஏற உச்ச ஓசைகள் முதலில் போகும், அவருக்கு 10க்கு மேல் ஒன்றுமே இல்லை. 128ல் லேம் 16, 17 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை மொத்தமாக வெட்டிவிடுகிறது, அந்த வெட்டுதான் வித்தியாசம் என்று நினைப்பவர்கள் அதிகம். அப்படியானால் அவருக்கு எதுவும் தெரியக் கூடாது. ஆனால் கேசட் துண்டில் அவர் 12ஐத் தாண்டினார், மறுநாள் திரும்பக் கேட்க வைத்தபோதும் தாண்டினார். அவர் பிடித்துக்கொண்டது ஜால்ராவை அல்ல, கேசட்டின் இரைச்சலை. அசலில் "ஸ்ஸ்ஸ்" என்று சமமாக ஓடும் இரைச்சல் 128ல் விட்டு விட்டு, குழைந்து குழைந்து வருகிறது என்று கையால் அசைத்துக் காட்டினார். சரியான கவனிப்பு. இரைச்சலில் ஒழுங்கு கிடையாது, ஒழுங்கில்லாததைச் சுருக்குவது என்கோடருக்குச் சிரமம், பிட் பற்றாத இடங்களில் துளை துளையாக விட்டுவிடும். நாற்பது வருடம் அந்தக் கேசட்டுகளைக் கேட்ட காது அது. எத்தனை கிலோஹெர்ட்ஸ் கேட்கிறது என்பதைவிட எதைக் கேட்டுப் பழகியிருக்கிறது என்பது முக்கியம் என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது.

லேமின் வி2 அமைப்பில், அதாவது பிட் அளவை இடத்துக்கு இடம் மாற்றிக்கொண்டு சராசரியாக 190 கிலோபிட் பக்கம் வருவதில், சலங்கை உட்பட எதிலும் யாரும் தேறவில்லை. 320லும் இல்லை. ஒரு தடவை மட்டும் ஜீப் நண்பர் 320ல் சரியாக 12 வாங்கினார், துள்ளிக் குதித்தார். அதைக் கொண்டாட முடியாது என்பதை அவருக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது: 100க்கு 4 வாய்ப்பு என்றால் 25 சோதனை நடத்தினால் ஒன்று அதிர்ஷ்டத்தில் தேறத்தான் செய்யும், நாங்கள் ஆளுக்கு ஆள் பல துண்டுகளைக் கேட்டிருந்தோம். ஒரு டீ குடித்துவிட்டு அதே துண்டைத் திரும்பக் கேட்டார், பாதிக்கு வந்துவிட்டது. அதே நேரம் யாரும் தேறவில்லை என்பதால் வித்தியாசமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இந்த ஆட்கள், இந்தத் துண்டுகள், இந்த ஹெட்போன், இவற்றில் தெரியவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் அவருக்குத் தலை வலித்தது பொய்யில்லை. வண்டியில் ஓடும் மெமரி கார்டை வாங்கி அதிலிருந்த பாட்டுகளை ஸ்பெக் மென்பொருளில் திறந்தேன், இது பாட்டின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும். பெயரில் 320 என்று இருக்கும் கோப்புகளில் நிறைய, 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கின்றன. உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும். அதாவது எங்கோ 128ல் இறக்கியதை யாரோ 320 ஆக மாற்றிப் பெயர் வைத்திருக்கிறார்கள். தொலைந்தது திரும்பி வராது, மேலே இன்னொரு சுருக்கத்தின் பிழை ஏறுவதுதான் மிச்சம். அதே சினிமாப் பாட்டை 128ல் ஆக்கி, விரித்து, மறுபடி 128ல் ஆக்கி, இப்படிப் பல தலைமுறை கொண்டுபோய்க் கேட்க வைத்தபோது மாமா உட்பட எல்லோரும் கண்டுபிடித்தார்கள். ஒரு தடவை சுருக்கியதில் யாருக்கும் தெரியாத பாட்டு அது. செல்போன் கடையில் ஏற்றியது, வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டில் சுற்றியது, வண்டியின் ப்ளூடூத்தில் மீண்டும் சுருங்கியது, இந்தச் சங்கிலிதான் காதைக் குடைகிறது, 128 என்ற எண் மட்டும் அல்ல.

கேசட்டுக்கு ஒரு நல்ல வழியும் இதிலேயே கிடைத்தது. எங்கள் பஜனைப் பதிவுகள் ஒரே மைக்கில் எடுத்தவை, பாட்டு மோனோ. இரண்டு டிராக்கிலும் பாட்டு ஒன்றேதான், இரைச்சல் மட்டும் வெவ்வேறு. ஸ்டீரியோவாகவே சுருக்கினால் என்கோடர் இரண்டு இரைச்சலுக்கும் பிட் செலவழித்துத் திணறுகிறது. அசிமுத் சரிசெய்தபின் இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் பாட்டோடு ஒப்பிட இரைச்சல் 3 டெசிபல் இறங்குகிறது, அதே 128 முழுக்க ஒரே சேனலுக்குக் கிடைக்கிறது. இதைப் பெரியவரிடம் கொடுத்தேன். இந்த முறை அவராலும் பிரிக்க முடியவில்லை.

அப்படியானால் மாமா சொன்னதுதானே சரி, மோனோ 128 போதுமே? கேட்பதற்குப் போதும். வைப்பதற்குப் போதாது, அதையும் செய்து காட்டித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன். சினிமாப் பாட்டின் 320 கோப்பை, யாரும் பிரிக்க முடியாத அதே கோப்பை எடுத்து, ஒரு சேனலிலிருந்து இன்னொன்றைக் கழித்தேன், கரோக்கிக்காக நடுவில் நிற்கும் குரலை நீக்கும் பழைய வித்தை. அசலில் கழித்தால் பின்னணி இசை சுத்தமாக வருகிறது. எம்பி3யில் கழித்தால் குரல் இருந்த இடத்தில் கலங்கலான ஒரு முனகல் மிஞ்சுகிறது. மறைக்கும் ஓசையை எடுத்துவிட்டோம், அதன் நிழலில் போட்டு வைத்த பிழை வெளியே தெரிகிறது. பழைய பதிவுகளில் நாளைக்கு நாம் செய்யப்போவதெல்லாம் இந்த மாதிரி வேலைதான்: இரைச்சலைக் குறைப்போம், அமுங்கிய குரலை ஏற்றுவோம், ஹார்மோனியத்தைத் தணிப்போம். எம்பி3யைச் செய்தவர்கள் கணக்குப் போட்டது அப்படியே கேட்கும் காதுக்கு, திருத்தப்போகும் கைக்கு அல்ல.

முடிவு இப்படி ஆயிற்று. டெக்கிலிருந்து வந்தது வந்தபடி, ஸ்டீரியோவாகவே, ஃப்ளாக் கோப்பாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டும் வெவ்வேறு வீட்டில். ஃப்ளாக்கும் சுருக்கம்தான், ஆனால் விரித்தால் ஒரு பிட் மாறாமல் அசல் திரும்பி வரும். எவ்வளவு சுருங்கும் என்பது பாட்டைப் பொறுத்தது, இரைச்சல் அதிகமானால் குறைவாகத்தான் சுருங்கும். குழுவில் எல்லோருக்கும் கொடுப்பதற்கு அதிலிருந்து மோனோ எம்பி3, வி2 அமைப்பில். கோயில் ஸ்பீக்கர் பெட்டி பென் டிரைவில் எம்பி3 மட்டும்தான் படிக்கும், அதற்கும் இதுவே போகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன், அப்படிப் போனால் கோப்பு மாறாது. யாராவது வெட்டவோ திருத்தவோ வேண்டுமென்றால் எம்பி3யைத் தொடாமல் ஃப்ளாக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், இந்த ஒரு விதியில் மட்டும் நான் கறார்.

பூஞ்சை பிடித்தவை பாக்கி இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் அப்படி இருந்தால், ஓடுகிறதா பார்ப்போம் என்று டெக்கில் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை ஹெட்டிலும் ரோலரிலும் ஒட்டி அடுத்து போடும் நல்ல கேசட்டுக்கும் தாவும். தனிப் பெட்டியில் பிரித்து, காய்ந்த இடத்தில் வைத்துவிட்டு, நல்லவற்றை முதலில் ஏற்றி முடியுங்கள்.